இன்றிரவே எழுதுங்கள், தோழர்களே!

தோழர்களே!

ஈஸ்ட்ஹாமில் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் தோழர்களே! ஹரோவில் ஓர் அறைக்குள் நாலு பேராய்ப் படுக்கும் தோழர்களே! ரூட்டிங்கில், இல்ஃபோர்டில், குரொய்டனில், கவுன்சில் வீட்டில், ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில், தனியார் வீட்டில் வாடகை கட்டும் தோழர்களே!

எழும்புங்கள். படுக்கையறை அலுமாரியை ஓரடி முன்னுக்கு இழுங்கள். பின்சுவரைப் பாருங்கள்.

கறுத்திருக்கிறது. மூலையில் மிளகு கொட்டியது போலத் தொடங்கி, மேலே ஏறி, சீலிங்கைத் தொட்டிருக்கிறது. சுவரோடு ஒட்டியிருந்த பலகை உப்பியிருக்கிறது. உள்ளே தொங்கும் பிள்ளையின் பள்ளிக்கூடக் கோட்டை எடுத்து மணந்து பாருங்கள். அந்த மணம் நமக்குத் தெரியும். போன மாரியிலும் தெரியும். அதற்கு முந்திய மாரியிலும் தெரியும்.

பிளீச் போட்டுத் துடைத்தோம். வெள்ளை பெயின்ற் அடித்தோம். தொட்டிலை இழுத்து அறையின் நடுவில் போட்டோம். மாரி வந்தது. பூஞ்சணமும் வந்தது.

யாரிடம் சொன்னோம், தோழர்களே?

மச்சானிடம் சொன்னோம். அக்காவிடம் சொன்னோம். வட்ஸ்அப்பில் படம் போட்டு அழுமூஞ்சி ஒன்றும் போட்டோம். வீட்டுக்காரருக்கு எழுதினோமா? கவுன்சிலுக்கு எழுதினோமா? நாளும் நேரமும் பதிய எழுத்தில் ஒரு வரி போட்டோமா?

போடவில்லை. அதுதான் இன்றைய அவசரம்.

இங்கிலாந்தில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. அதற்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தெரியவந்த பிறகுதான் அந்த மணிக்கூடு ஓடும். நாம் வாய் திறக்காதவரை அதன் முள் அசையாது. நாம் பேசாமலிருக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்காரருக்கு நாம் இலவசமாகக் கொடுக்கும் நாள். வாடகையும் கொடுத்து, நாளையும் கொடுக்கிறோம்!

அந்தச் சட்டத்துக்கு ஒரு குழந்தையின் பெயர். அவாப் இஸ்ஹாக். உரத்துச் சொல்லுங்கள்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ரொச்டேல். ஒரு படுக்கையறை வீடு. வீட்டின் சொந்தக்காரர் தனி ஆள் அல்ல, ரொச்டேல் பரோவைட் ஹவுசிங் என்னும் சமூக வீட்டு நிறுவனம். சூடானிலிருந்து வந்த தாய், தகப்பன். பூஞ்சணம் இருக்கிறது என்று தகப்பன் 2017-லேயே சொன்னார். மேலால் பெயின்ற் அடியுங்கள் என்றார்கள். அடித்தார். திரும்ப வந்தது. திரும்பச் சொன்னார். 2020 ஜூனில் சட்டத்தரணி மூலம் கடிதம் போனது. கடிதம் போனதும் வேலை தொடங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. கோரிக்கை தீரும்வரை திருத்த வேலை செய்வதில்லை என்பது அந்த நிறுவனத்தின் வழமையாம்! ஜூலையில் குழந்தையைப் பார்க்க வந்த சுகாதாரத் தாதியும் எழுதினார். அதுவும் கோப்புக்குள் போனது.

2020 டிசம்பர் 21. குழந்தை இறந்துவிட்டது. இரண்டாவது பிறந்தநாள் முடிந்து எட்டே நாள்.

2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி ஜோஆன் கியர்ஸ்லி தீர்ப்புச் சொன்னார். வீட்டுப் பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததால் வந்த கடும் சுவாச நோயே காரணம். 2020-ஆம் ஆண்டில், இந்த நாட்டில், இது எப்படி நடக்கலாம் என்று அவரே கேட்டார்.

எப்படி நடந்தது என்பது நமக்குத் தெரியும், தோழர்களே. அந்தத் தகப்பன் பேசாமல் இருக்கவில்லை. தனியாகப் பேசினார். அதே குடியிருப்பில் வேறு வீடுகளிலும் ஈரலிப்பு இருந்தது. அது பிறகுதான் வெளியே வந்தது. பிறகு! ஒரு கதவு தனியே முறையிட்டால் அதைக் கோப்புக்குள் வைத்து மூடலாம். மாடிப்படி முழுக்க முறையிட்டால் எந்தக் கோப்புக்குள் வைப்பார்கள்?

இன்னொன்று கேளுங்கள். இதைக் கேட்டும் கோபம் வராவிட்டால் வேறு எதற்குக் கோபம் வரும்?

அந்த வீட்டில் ஈரம் ஏன் என்பதற்கு நிறுவனத்திடம் ஒரு விளக்கம் இருந்தது. அவர்கள் சமைக்கும் விதம். அவர்கள் குளிக்கும் விதம். வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிக்கிறார்களாம்! அப்படி ஊகித்தது பிழை என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். குழந்தை போன பிறகு.

வாளியில் குளிப்பது. யாரைச் சொல்கிறார்கள், தோழர்களே? நம்மைத்தான் சொல்கிறார்கள். நம் குளியலறையில் வாளி இல்லையா? நம் அடுப்பில் காலையில் புட்டுப் பானை ஆவி விடவில்லையா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் குழம்பு கொதிக்கவில்லையா? மாரியில் துணியை ஹீற்றரில் போடாமல் வேறு எங்கே போடுவது, தேம்ஸ் ஆற்றிலா?

மனிதர் வாழ்ந்தால் ஆவி வரும். சமைத்தால் வரும், குளித்தால் வரும், மூச்சு விட்டாலும் வரும். அந்த ஆவி வெளியே போக வழி வைத்துக் கட்டுவதுதான் வீடு. குளியலறையில் காற்றை இழுக்கும் விசிறி வேலை செய்யவேண்டும். யன்னல் திறக்கவேண்டும். வெளிச்சுவர் குளிர் கடத்தாமல் இருக்கவேண்டும். பீலி அடைத்து மழைநீர் சுவரில் வழியக்கூடாது. மேல்வீட்டுக் குழாய் ஒழுகக்கூடாது. இவற்றில் எது நம் கையில் இருக்கிறது? நம் பழக்கத்தைக் குறைசொல்லுகிறவரிடம் முதலில் அந்த விசிறியைக் காட்டுங்கள். எத்தனை வருடமாகச் சுற்றவில்லை என்று கேளுங்கள்.

2021 ஒக்டோபரில், அவாப்பின் மரண விசாரணைக்கு முன்னமே, இங்கிலாந்தின் வீட்டுவசதி ஒம்புட்ஸ்மன் ஒரு முழு அறிக்கை வெளியிட்டார். குடியிருப்பவரின் வாழ்க்கை முறைமேல் பழிபோடுவதை நிறுத்துங்கள் என்று வீட்டு நிறுவனங்களுக்கு அதன் தலைப்பிலேயே சொன்னார். 2023 செப்டம்பரில் அரசே வெளியிட்ட வழிகாட்டியும் அதையே சொல்கிறது. குடியிருப்பவரைக் குற்றம் சொல்லாதே. டொக்டர் கடிதம் வரட்டும் என்று காத்திராதே. உடனே செய். அரசே சொல்லிவிட்டது, தோழர்களே. ஆனாலும் நாம் இன்னும் வெட்கப்பட்டு அலுமாரியால் சுவரை மறைத்துக்கொண்டிருக்கிறோம்!

வெட்கம் நமக்கு எதற்கு? சுவர் யாருடையது?

இப்போது சட்டத்துக்கு வருவோம். கவனமாகக் கேளுங்கள். மனப்பாடம் செய்யுங்கள்.

அவாப்பின் தாய் தகப்பன் ஓயவில்லை. மான்செஸ்டரின் மாலைப் பத்திரிகை அவர்களோடு நின்றது. ஷெல்ரர் அமைப்பு நின்றது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். 2023-ல் சமூக வீட்டு ஒழுங்குபடுத்தல் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் அவாப்பின் சட்டம் 2025 ஒக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை. துக்கத்தில் இருந்த இரண்டு பேர் இழுத்து எடுத்தது.

கவுன்சில் வீட்டிலும் ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலும் இருக்கும் தோழர்களே, இது உங்களுக்கு. இன்றே.

உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரம். அதற்குள் வந்து பார்த்து ஆபத்தை நீக்கவேண்டும். குழந்தை மூச்சுத்திணறும் அறையில் சுவர் முழுக்கப் பூஞ்சணம் என்றால் அது உடனடி ஆபத்து. தயங்காமல் அப்படியே எழுதுங்கள்.

உடனடி இல்லை, ஆனால் கடுமையான ஈரலிப்பும் பூஞ்சணமும் என்றால், தெரியவந்த பிறகு 10 வேலைநாளுக்குள் வந்து ஆராயவேண்டும். ஆராய்ந்து முடித்து 3 வேலைநாளுக்குள் என்ன கண்டோம் என்று எழுத்தில் தரவேண்டும். 5 வேலைநாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்கவேண்டும். பூஞ்சணம் திரும்ப வராமல் தடுக்கும் பெரிய வேலையையும் அந்த 5 நாளுக்குள் தொடங்கப் பார்க்கவேண்டும். முடியாவிட்டால் 12 வாரத்துக்குள் ஆள் வந்து கைவைத்தே ஆகவேண்டும். நேரத்துக்குள் பாதுகாப்பாக்க முடியாதா? தங்க வேறு இடம் தரவேண்டும். அவர்கள் செலவில்!

பத்து, மூன்று, ஐந்து. பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். குளிர்ப்பெட்டியில் ஒட்டுங்கள். பத்து, மூன்று, ஐந்து.

ஆனால் அந்தப் பத்தின் முதல் நாள் யார் கையில்? நம் கையில். தாதி சொன்னாலும் அவர்களுக்குத் தெரிந்ததாகும், பள்ளிக்கூடம் சொன்னாலும் ஆகும். அவர்கள் சொல்லும்வரை ஏன் காத்திருக்கிறோம்? சொல்லுங்கள். எழுத்தில் சொல்லுங்கள். தொலைபேசியில் கதைத்தாலும், கதைத்ததை அன்றிரவே மின்னஞ்சலில் போடுங்கள். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். “அப்படி ஒரு அழைப்பு எங்கள் பதிவில் இல்லை” என்பார்கள். எத்தனை தடவை கேட்டிருக்கிறோம் இந்த வரியை!

வழக்குப் போட்டிருக்கிறீர்கள், அதனால் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று யாராவது சொல்கிறார்களா? ரொச்டேலில் சொன்னதும் அதுதான். விடாதீர்கள். நிறுவனத்திடம் எழுத்தில் முறைப்பாடு போடுங்கள். பதில் சரியில்லாவிட்டால் மேல்முறைப்பாடு. அதுவும் சரியில்லாவிட்டால் ஒம்புட்ஸ்மன். காசு ஒரு பென்ஸும் இல்லை.

இனி, தனியார் வீட்டில் இருக்கும் தோழர்களே. நம்மில் எத்தனையோ பேர் அங்கேதான். இங்கேதான் நெஞ்சு கொதிக்கிறது.

அவாப்பின் சட்டம் இன்னும் நமக்கு ஓடவில்லை. 2025-ல் நிறைவேறிய வாடகைக்காரர் உரிமைச் சட்டம் அதைத் தனியார் வீடுகளுக்கும் நீட்ட வழி செய்திருக்கிறது. வழி செய்திருக்கிறது, அவ்வளவுதான்! சட்டத்தோடு சேர்ந்து நாள் வரவில்லை. ஒரே தெரு. ஒரே மழை. ஒரே கறுப்பு. இந்தப் பக்கத்துக் குழந்தைக்குப் பத்து நாள், அந்தப் பக்கத்துக் குழந்தைக்குக் கலந்தாலோசனையா? சுவாசப்பைக்கு வீட்டுக்காரர் யாரென்று தெரியுமா?

அந்த நாளை நாம்தான் இழுத்து முன்னுக்குக் கொண்டுவரவேண்டும். அதுவரை கைகட்டி நிற்கவும் வேண்டாம். நம் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை.

2018-ல் ஒரு சட்டம் வந்தது. வாடகைக்கு விடும் வீடு மனிதர் வசிக்கத் தகுந்ததாக இருக்கவேண்டும். முதல் நாள் மட்டுமல்ல, குடியிருக்கும் காலம் முழுவதும். இல்லையென்றால் நீங்களே நீதிமன்றம் போகலாம், திருத்தச்சொல்லிக் கட்டளையும் நட்டஈடும் கேட்கலாம். 2004-ன் வீட்டுச் சட்டம் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதார அதிகாரிக்கு உங்கள் வீட்டுக்குள் வந்து அளந்து பார்க்க அதிகாரம் தருகிறது. அவர் பார்க்கும் ஆபத்துப் பட்டியலில் முதலாவதே ஈரலிப்பும் பூஞ்சணமும். மிக மோசமான வகை என்று அவர் கண்டால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும். பார்க்கலாம், யோசிக்கலாம் என்ற பேச்சு அங்கே இல்லை. அது கடமை.

கூப்பிடுங்கள் அவரை. கூப்பிட்டால்தானே வருவார்!

“அண்ணை, சொன்னால் எழும்பச் சொல்லுவான்.”

கேட்கிறது, தம்பி. அந்தப் பயம் வெறும் பயமில்லை. செக்சன் 21 என்ற தாளைக் காட்டி, காரணமே சொல்லாமல் எத்தனை குடும்பத்தைத் தெருவில் விட்டார்கள்! அந்தத் தாளுக்கும் முடிவு வந்தது. 2026 மே 1 முதல் காரணமில்லாமல் எழுப்ப முடியாது. வீட்டை விற்கப்போகிறேன் என்றால் அதற்கு நாலு மாத அறிவித்தல். அப்படிச் சொல்லி எழுப்பிவிட்டு அடுத்த மாதமே கூடுதல் வாடகைக்கு விடவும் முடியாது, 12 மாதத் தடை. நம்மை வாய்பொத்த வைத்த பூட்டு கழன்று விழுகிறது, தோழர்களே. பூட்டு விழுந்த பிறகும் கையால் வாயைப் பொத்திக்கொள்ளப் போகிறோமா?

“விசா?”

மாணவர் விசாவில் வந்தவர் கேட்கிறார். பராமரிப்பு வேலைக்கு வந்த அக்கா கேட்கிறார். பூஞ்சணம் என்று முறையிடுவது எந்த விசா விதியையும் மீறுவதல்ல. அரச உதவி பெறக்கூடாது என்று விசாவில் எழுதியிருந்தாலும், சுகாதார அதிகாரியை அழைப்பது அந்த உதவிக் கணக்கில் வராது. நல்ல சுவர் கேட்பது பிச்சை கேட்பதல்ல.

அடுத்ததைச் சொல்லத்தான் நம்மவர்களுக்கு நாக்கு எழுவதில்லை. நான் சொல்கிறேன்.

“அவர் எங்கட ஆள்.”

ஆமாம். எத்தனையோ இடத்தில் வீட்டுக்காரர் நம்மவர்தான். வந்த புதிதில் வீடு தந்தவர். ஊர்க்காரர். கோயிலில் முன்வரிசையில் நிற்பவர். கலியாண வீட்டில் பக்கத்து மேசை. வாடகை கையில் காசாக, ரசீது இல்லை, ஒப்பந்தத்தாள் இல்லை. “தம்பி, யன்னலைக் கொஞ்சம் திறந்து விடும்” என்று தோளில் தட்டிவிட்டுப் போவார். அந்தத் தட்டலுக்கு நாம் மூன்று மாரியைக் கொடுத்துவிட்டோம்!

உதவினார். நன்றி. மாதம் தவறாமல் வாடகையும் வாங்குகிறார். வாங்குகிறவர் திருத்தட்டும். நம்மவர் சுவரில் வளரும் பூஞ்சணம் தமிழ்க் குழந்தையைப் பார்த்து விலகிப் போகாது. ரசீது கேளுங்கள். வங்கியில் கட்டுங்கள். எழுத்தில் முறையிடுங்கள். மரியாதையாக எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று கேட்கிறீர்களா? நம் ஊர்ச் சங்கங்களும் கோயில்களும் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும். பூஞ்சணம் பிடித்த வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவதை நிறுத்தட்டும்.

வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் ஓர் அறை மட்டும் எடுத்திருக்கும் தோழர்களுக்கு இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை. மறைக்க மாட்டேன். அவர்கள் வாய் திறந்தால் அன்றே பெட்டி வெளியே வரலாம். ஆகவே அவர்களுக்காக, பாதுகாப்பு உள்ள நாம் பேசவேண்டும். நம் பெயரில் எழுதுவோம். நம் முகத்தை முன்னால் வைப்போம்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். “ஆய்வுகூடப் பரிசோதனை இருக்கிறதா? காற்றில் எத்தனை வித்து என்று அளந்தீர்களா?” என்று கேட்பார்கள். மயங்காதீர்கள். இவ்வளவுக்கு மேல் ஆபத்து, இவ்வளவுக்குக் கீழ் பாதுகாப்பு என்று உலகம் ஒப்புக்கொண்ட ஓர் எண் இல்லை. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஈரலிப்பையும் பூஞ்சணத்தையும் பற்றித் தனி வழிகாட்டியே வெளியிட்டது. அதிலும் எண் வைக்கவில்லை, ஈரத்தைத் தடு, பூஞ்சணத்தை அகற்று என்றது. அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகாமையிடமும் எண் இல்லை. கலிஃபோர்னியா 2001-ல் சட்டம் போட்டே எண் தேடியது, கிடைக்கவில்லை. கடைசியில் 2016 முதல் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணமே வீட்டுக் குறைபாடு என்று தன் வீட்டுச் சட்டத்தில் எழுதிக்கொண்டது. தெரிகிறதா? கண் போதும். மூக்கும் போதும். நமக்கு இரண்டும் இருக்கிறது. எண் கேட்பவர் நாள் கடத்துகிறார்.

ஆள் அனுப்புகிறோம் என்பார்கள். அனுப்புவார்கள். ஒரு தெளிப்பான் போத்தலோடு ஒருவர் வருவார். அடிப்பார். வெளுக்கும். மேலே வெள்ளை பெயின்ற். “முடிந்தது, கையெழுத்துப் போடுங்கள்.”

போடாதீர்கள்!

பிளீச் கறையை வெளுக்கும். சாந்துக்குள் இறங்கிய வேரை அது தொடாது. ஈரம் இருக்கும்வரை பூஞ்சணம் திரும்பி வரும், ஈரம் போனால்தான் அது போகும். முதலில் ஈரம் எங்கிருந்து என்று கண்டுபிடிக்கவேண்டும். ஒழுக்கா, மழையா, நிலத்திலிருந்து ஏறுவதா, குளிர்ச்சுவரில் ஆவி படிவதா? அதை அடைக்கவேண்டும். சுவர் காயவேண்டும். ஊறிப்போன பலகை, சாந்து, கம்பளத்தை வெட்டி எடுக்கவேண்டும். காய்ந்த பூஞ்சணத்தை வறண்ட துணியால் தட்டினால் வித்து வீடெல்லாம் பறக்கும். அந்த நேரம் பிள்ளை அறையில் இருக்கக்கூடாது. இவ்வளவும் செய்துவிட்டுத்தான் பெயின்ற்.

டெக்ஸாசில் 25 சதுர அடிக்கு மேல் பூஞ்சணம் என்றால் அகற்றுகிறவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பார்த்து மதிப்பிடுபவரும் அகற்றுபவரும் ஒரே ஆளாக இருக்கவும் கூடாது. நியூயோர்க் மாநிலத்திலும் அப்படியொரு சட்டம். இங்கிலாந்திலோ போத்தல் வைத்திருந்தால் போதும், நிபுணர்! வீட்டுக்காரரின் மருமகனும் நிபுணர்! நாள் குறிக்கும் சட்டம் வந்துவிட்டது. வேலையை யார், எந்தத் தரத்தில் செய்வது என்ற சட்டம் எங்கே? அதையும் கேட்போம். ஒரே மூச்சில் கேட்போம்.

தோழர்களே, கோபத்தில் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தனியாக வாடகையை நிறுத்தாதீர்கள். வீரமாகத் தெரியும். வீட்டுக்காரருக்கு அதைவிட நல்ல பரிசு இல்லை. நிலுவை என்று சொல்லி உங்களை எழுப்பச் சட்டம் அவருக்கு வழி கொடுக்கிறது. வாடகையைக் கட்டுங்கள். கட்டிக்கொண்டே கழுத்தைப் பிடியுங்கள்.

இனி வேலை. இன்றிரவு. நாளை இல்லை, இன்றிரவு.

அலுமாரி பின்சுவரைப் படம் எடுங்கள். யன்னல் ஓரம், சீலிங் மூலை, குளியலறை விசிறி, எல்லாம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலைப் பிடித்து எடுங்கள், பரப்புத் தெரியட்டும். பிள்ளையின் இன்ஹேலரை, டொக்டர் எழுதித் தந்த தாளைப் படம் எடுங்கள். எல்லாப் படமும் திகதியோடு.

பிறகு எழுதுங்கள். நாலு வரி போதும். ஆங்கிலம் தடக்கினால் எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதட்டும். நம் வீடுகளில் கடிதமெல்லாம் அவர்கள்தானே எழுதுகிறார்கள்!

முதல் வரி: இந்த முகவரியில், இந்த அறையில், இந்தத் திகதியிலிருந்து ஈரலிப்பும் பூஞ்சணமும் இருக்கிறது. இரண்டாவது: இந்த வீட்டில் இத்தனை வயதில் பிள்ளை, இத்தனை வயதில் முதியவர், இன்னாருக்கு இழுப்பு இருக்கிறது. மூன்றாவது: காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்துங்கள், பெயின்ற் அடித்து மூடுவதை ஏற்க மாட்டோம். நாலாவது: சமூக வீடு என்றால் “அவாப்பின் சட்டப்படி”, தனியார் வீடு என்றால் “2018 சட்டப்படி, பதில் இல்லையேல் கவுன்சில் சுகாதார அதிகாரியிடம் போவோம்”.

படங்களை இணையுங்கள். அனுப்புங்கள். ஒரு பிரதியை உங்களுக்கே அனுப்புங்கள்.

கை நடுங்குகிறதா? நடுங்கட்டும். நடுங்கும் கையால் அழுத்தினாலும் கடிதம் போகும்!

அனுப்பிவிட்டுச் சப்பாத்தைப் போடுங்கள். பக்கத்துக் கதவைத் தட்டுங்கள். தமிழர் வீடா, வங்காளி வீடா, சோமாலி வீடா, போலந்துக்காரர் வீடா என்று பார்க்க வேண்டாம். உங்கள் சுவர் எப்படி என்று கேளுங்கள். மேல் மாடிக்குப் போங்கள். கீழ் மாடிக்குப் போங்கள். எத்தனை வீடு என்று ஒரு தாளில் எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள். கவுன்சிலர்கள் மக்களைச் சந்திக்கும் நாள் உண்டு. எம்.பி.க்களும் சந்திப்பார்கள். அந்தத் தாளோடு, படங்களோடு, பிள்ளைகளோடு போவோம். ஒருவராய்ப் போனால் கதிரை தந்து உட்காரவைத்து அனுப்பிவிடுவார்கள். முப்பது பேராய்ப் போனால் கதிரை போதாது.

போய் இரண்டைக் கேட்போம். அவாப்பின் சட்டத்தைத் தனியார் வீட்டுக்கும் கொண்டுவா, நாளைச் சொல். பூஞ்சணம் அகற்றும் வேலைக்குத் தரம் வை, அனுமதிப்பத்திரம் வை. இரண்டுக்கும் பதில் எழுத்தில் கேட்போம். பத்து வேலைநாளுக்குள்!

மாரி தொடங்க முன் போகவேண்டும். இந்தக் கிழமையே போகவேண்டும். நாங்கள் போகிறோம். பெயர் கொடுத்தவர்கள் வருகிறார்கள். உங்கள் மாடியிலிருந்து யார் வருகிறார்கள், தோழர்களே?